மனுக் கொடுக்க வந்த கண்மாய்

சந்தனமாரி எம்.எல்.ஏ.வாகப் பதவியேற்றுச் சென்னையிலிருந்து ஊர் திரும்பிய வாரத்தில், கோட்டநத்தத்துக்கு மேற்கே காலங்காலமாகக் கிடந்த பெரியநாச்சிக் கண்மாய், ஒரு வியாழக்கிழமை பள்ளிக்கூட மணி அடிக்கிற நேரத்துக்கு எழுந்து, உபரி நீர் வழிகிற கலுங்கு வழியாக இறங்கி, பேருந்துச் சாலையில் ஏறி, உரக்கடையையும் காவல் நிலையத்தையும் கூட்டுறவு வங்கியையும் தாண்டி, யாருடைய செருப்பையும் நனைக்காமல், தன் மீன்களையும் நாரைகளையும் அல்லிக்கொடிகளையும் கூட்டிக்கொண்டு நடந்து வந்து, எம்.எல்.ஏ. வீட்டுக்குப் பின்னால் கல்யாண மண்டபத்தை ஒட்டியிருந்த காலி மனையில் படுத்துக்கொண்டது.

மதுரைப் பேருந்தின் ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிட்டு, அது கடந்து போகும்வரை பீடி குடித்துக்கொண்டிருந்தார். முக்கில் வழி தெரியாமல் அது கொஞ்சம் தயங்கியபோது, டீக்கடைக்காரர் வடைச்சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், "எம்.எல்.ஏ. வீட்டுக்கா? நேராப் போயி இடது கைப் பக்கம். பச்சைக் கேட்டு" என்றார். கண்மாய் இடது பக்கம் திரும்பியது.

யாரும் வாயைப் பிளக்கவில்லை. உதவித்தொகை நின்றுபோன கிழவர்கள், மாறுதல் கேட்கிற வாத்தியார்கள், கணவனைப் பற்றிப் புகார் சொல்லும் பெண்கள் என்று பதவிக்கு வந்த ஒருத்தியின் வீட்டுக்குப் பாதி ஊர் வரத்தான் செய்யும். கண்மாயும் வந்திருக்கிறது, அவ்வளவுதான். நானூறு ஏக்கர் தண்ணீர் எப்படி அந்தச் சின்ன மனையில் அடங்கியது என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டால், மனம் ஒத்தால் புளிய இலையில்கூட இரண்டு பேர் படுக்கலாம் என்று பதில் சொன்னார்கள். அது உண்மையும்கூட. கல்யாண மண்டபத்து மாடியிலிருந்து பார்த்தால் அது ஒரு கோயில் தெப்பக்குளம் அளவுக்குத்தான் இருந்தது, எம்.எல்.ஏ. வீட்டுப் பின்வாசலில் நின்று பார்த்தால், எப்போதும் போலவே எதிர்க்கரை மங்கலாக, கண்ணுக்கு எட்டியும் எட்டாமலும் தெரிந்தது.

அது ஏன் அவளைத் தேடி வந்தது என்பதிலும் யாருக்கும் சந்தேகமில்லை. சந்தனமாரி பக்கத்து நகரத்துக் கல்லூரியில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்தவள். பேராசிரியை என்று சொன்னால் ஊருக்குப் புரியாது. எல்லாருக்கும் அவள் டீச்சர். தை மாதம் பிறந்ததும் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கண்மாய்க் கரைக்கு வந்து, அலகு மூடாத நத்தைகுத்தி நாரையையும் கரண்டிவாயனையும் காட்டுவாள். சாயப்பட்டறைக் கழிவை லாரி லாரியாகக் கொண்டுவந்து கண்மாய்க்குள் கொட்டத் தொடங்கியபோது முதல் லாரிக்கு முன்னால் போய்ப் படுத்தவள் அவள்தான். அவளுக்குப் பக்கத்தில் படுத்தது முத்திருளாயி. கண்மாய்ப் பாசனத்தில் நெல் போடுகிற சம்சாரி. வாயைத் திறந்தால் அடுத்த ஊர்வரை கேட்கும். இரண்டு பேரையும் ஒரே வேனில் ஏற்றி ஒரே சிறைக்குக் கொண்டுபோனார்கள். பிறகு வழக்கு, வாய்தா, தடையாணை. லாரிகள் நின்றன. நாரைகள் திரும்பி வந்தன. டீச்சர் போகும் வழியில் ஆட்கள் எழுந்து நின்றார்கள்.

அப்படி எழுந்து நிற்பதைத்தான் ஆளுங்கட்சியின் மாவட்டச் செயலாளர் தனுஷ்கோடி பார்த்தார். வெள்ளை வேட்டியும் தணிந்த குரலுமாக ஒருநாள் அவள் வீட்டுக்கு வந்து, மோரைக் குடித்துவிட்டு, செம்பைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்:

"டீச்சர், இம்புட்டு வருசமா வாசல்ல நின்னு கத்திட்டீங்க. வாசல்ல நிக்கிறவங்களுக்கு மோரைக் குடுத்து அனுப்பிருவாங்க. உள்ள வாங்க. உள்ள உக்காந்து சொன்னா அதுக்குப் பேரு சட்டம்."

அவள் கணவர் அய்யாத்துரை மோட்டார் காயில் கட்டுகிறவர். வீட்டு முன்னறைதான் பட்டறை. கையில் செம்புக் கம்பியோடு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தனுஷ்கோடி போனதும் சொன்னார்: "போறதுன்னா போ, சந்தனம். உனக்கு ஓட்டு விழும். உள்ள போனப்புறம் சாவி யாரு கையில இருக்குன்னு மட்டும் பாத்துக்க."

அவள் சிரித்தாள். முத்திருளாயி ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு தொகுதி முழுக்கத் தொண்டை கட்டும்வரை கத்தினாள். சந்தனமாரி ஜெயித்தாள். கண்மாய் வந்தது.

ஊர் அதற்குப் பழகிக்கொண்ட விதம்தான் சொல்ல வேண்டியது. முதலில் பாசனக்காரர்கள் கூடிப் பேசி, எம்.எல்.ஏ. வீட்டுப் பின்வாசலில் ஒரு மடை வைத்து, தெருவோரச் சாக்கடையைச் சுத்தப்படுத்தி வாய்க்காலாக்கி, வயல்வரை கொண்டுபோனார்கள். முறை வைத்துத் தண்ணீர் திறக்கிறவர்கள் அடுப்படி வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. "டீச்சர், இன்னைக்கு எங்க முறை" என்று முத்திருளாயி மண்வெட்டியோடு நுழைவாள். மடையைத் திறந்துவிட்டு, தானே காப்பி போட்டு, டீச்சருக்கும் ஒரு தம்ளர் வைத்துவிட்டுப் போவாள். கல்யாண மண்டபத்துக்காரர் பின்பக்கச் சுவரை இடித்து ஜன்னல் வைத்தார். மாப்பிள்ளையும் பெண்ணும் கூழைக்கடாக்களோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். சுகாதார ஆய்வாளர் கொசு உற்பத்தி என்று நோட்டீஸ் எழுதிக்கொண்டு வந்து, யார் பெயருக்குக் கொடுப்பது என்று தெரியாமல், ஒரு விரால் மீனை வாங்கிக்கொண்டு திரும்பிப் போனார். கிராம நிர்வாக அலுவலர் கண்மாயின் முகவரியை மாற்றி, 'மே/பா சட்டமன்ற உறுப்பினர்' என்று பதிந்தார். நாரைகளுக்கு வீட்டுக்கு முன்னால் இருந்த கட்சிக் கொடிக்கம்பம் பிடித்துப்போயிற்று. எச்சத்தில் கொடியின் நிறமே தெரியாமல் போனபோதும், தொண்டர்கள் கழுவிக் கழுவி ஏற்றினார்களே தவிர ஒரு கல்லெடுத்து எறியவில்லை.

காலையில் மனுக் கொடுக்க ஆட்கள் வந்து வரிசையில் நிற்கிற நேரத்துக்கு, கண்மாய்த் தண்ணீரும் மெல்ல ஏறிவந்து, பின்வாசலின் கடைசிப் படியை நனைத்துக்கொண்டு நிற்கும். வரிசை கலைந்து அவள் கார் புறப்பட்டுப் போகும்வரை அப்படியே நிற்கும். அப்புறம் இறங்கிப் போய்விடும். மறுநாள் மறுபடி வரும். அவள் அதை அன்பு என்று நினைத்தாள். எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். "பெத்த பிள்ளை மாதிரி காலடியிலயே நிக்குது பாரேன்" என்றார்கள்.

சென்னையிலிருந்து திரும்பிய நாட்களில் சாயங்காலம் அந்தப் படியில் உட்கார்ந்து தண்ணீருக்குள் காலை விட்டுக்கொண்டு அவள் பேசுவாள். சட்டமன்றத்தில் என்ன நடந்தது, எந்த அமைச்சர் முகம் கொடுத்தார், எவர் கொடுக்கவில்லை, கவன ஈர்ப்புத் தீர்மானத்துக்கு எப்போது நேரம் கிடைத்தது, பேரவைத் தலைவர் எந்த வார்த்தையில் மணியடித்து உட்காரச் சொன்னார், எல்லாவற்றையும் சொல்வாள். சொல்வதற்கு நிறையவும் இருந்தது. அந்த முதல் இரண்டு வருஷங்கள் அவள் நன்றாகவே உழைத்தாள். சாயப்பட்டறைகளுக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. கண்மாய்க்கு மழைத் தண்ணீரைக் கொண்டுவரும் வரத்துக்கால்களில் மண்டிக்கிடந்த சீமைக்கருவேலம் வெட்டப்பட்டது. அவள் எழுந்தால் எதிர்க்கட்சி வரிசையிலும் பேச்சு நிற்கும். "கண்மாய் வீட்டு உறுப்பினர்" என்று அவளுக்குப் பேர் விழுந்தது. அதைச் சொல்லிக் கேலி செய்தவர்கள்கூடக் கொஞ்சம் மரியாதையோடுதான் செய்தார்கள்.

இதற்கிடையில் மேற்கே கண்மாய் கிடந்த இடம் வெறுமனே கிடந்தது. கரை இருந்தது, கலுங்கு இருந்தது, உள்ளே கண்ணுக்கெட்டும் தூரம் வெடித்த களிமண். பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். ஆடு மேய்ந்தது. ஒருநாள் வெள்ளை ஜீப் வந்தது. இறங்கியவர்கள் சங்கிலி பிடித்து அளந்தார்கள். தண்ணீர் இருக்கிறதா என்ற கேள்விக்கு நேரே 'இல்லை' என்று எழுதினார்கள். அது பொய்யும் இல்லை.

அந்த வருஷ மழைக்கால முடிவில் தனுஷ்கோடி மறுபடி வந்தார். இந்த முறை மோர் கேட்கவில்லை.

"டீச்சர், நம்ம தொகுதிக்குப் பெரிய தொழிற்பூங்கா ஒண்ணு வருது. பேட்டரிக் கார் பாகம் செய்யுற கம்பெனிகள். புகை கிடையாது, சாயம் கிடையாது. நீங்க கேட்ட மாதிரியே சுத்தமான தொழில்."

"எங்க வருது, அண்ணே?"

"மேற்க. காலியாக் கிடக்குல்ல."

அவள் பின்வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அங்க என்ன டீச்சர் இருக்கு? கண்மாய் உங்க வீட்டுக்குப் பின்னால சௌக்கியமா இருக்கு. வயலுக்குத் தண்ணி பாயுது. கொக்கு மேயுது. ஒரு சொட்டு குறையல. வெறும் பள்ளத்தை வச்சுக்கிட்டு என்ன செய்ய? நம்ம பயலுக திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் ஓடிட்டு இருக்கான். நீங்கதான் அவனுகளுக்கும் எம்.எல்.ஏ."

அன்றைய மனு வரிசையிலேயே பாதிப் பேர் வேலை கேட்டு நின்றவர்கள். கல்லூரியில் நாரைகளைக் காட்டி அவள் வளர்த்த பையன்களில் சிலர் அந்த வரிசையில் இருந்தார்கள்.

'நீரற்ற நீர்நிலைகள் மறுபயன்பாட்டுச் சட்ட முன்வடிவு' என்று அதற்குப் பேர் வைத்திருந்தார்கள். விவாதத்தன்று அவள் எழுந்து, நீர் திரும்பி வந்தால் நிலமும் திரும்ப வேண்டும் என்று ஒரு பிரிவு சேர்க்கும்படி கேட்டாள். அமைச்சர் புன்னகையோடு எழுந்து, மாண்புமிகு உறுப்பினரின் இல்லத்துக்குப் பின்னாலேயே கண்மாய் பத்திரமாக இருப்பதை இந்த அவை அறியும், அதைவிடப் பாதுகாப்பான இடம் இந்த மாநிலத்தில் உண்டா என்று கேட்டார். மேசைகள் தட்டப்பட்டன. அவள் சொன்ன பிரிவைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். சுற்றுச்சூழல் குழுவுக்கு அடுத்த தலைவர் அவள்தான் என்று கொறடா காதோடு சொல்லிவிட்டுப் போனார்.

ஏற்போர் ஆம் என்க என்று பேரவைத் தலைவர் சொன்னார். அவையே ஆம் என்றது. அத்தனை குரலுக்கு நடுவே அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் மூடிக்கொண்டிருக்கவில்லை. மெதுவாக, பக்கத்து இருக்கைக்காரருக்குக்கூடக் கேட்காத குரலில், ஆம் என்றாள்.

ஊருக்கு வந்து படியில் உட்கார்ந்து அதையும் கண்மாயிடம் சொன்னாள். நீ என்னிடம் இருக்கிறாய், உனக்கு ஒன்றும் வராது என்றாள். தண்ணீர் அவள் கணுக்காலைச் சுற்றி வழக்கம்போல் அசைந்தது. மறுநாள் காலை வழக்கம்போல் கடைசிப் படியில் வந்து நின்றது.

செம்மண் லாரிகள் வந்தன. இந்த லாரிகளுக்கு முன்னால் யாரும் படுக்கவில்லை. பள்ளம் மேடானது, மேட்டில் கொட்டகைகள் எழுந்தன, கொட்டகையைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் சுவர் எழுந்தது. நீலச் சட்டை போட்ட பையன்களும் பெண்களும் காலையில் கம்பெனிப் பேருந்தில் ஏறிப் போய் மாலையில் திரும்பி வந்தார்கள். பல வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கப்பட்டது. வரன் பார்க்கிறவர்கள் "மாப்பிள்ளை பூங்காவுல வேலை" என்றார்கள். திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டியபோது சந்தனமாரிக்கு விழுந்த கைதட்டல், தேர்தலில் ஜெயித்த அன்றுகூட விழவில்லை.

முத்திருளாயி மட்டும் காப்பி போட வருவதை நிறுத்திவிட்டாள். தன் முறை வந்தால் அடுத்த வயல்காரரை விட்டு மடை திறந்துகொண்டாள். சந்தனமாரி கவனித்தாள், வேலை அதிகம், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

ஒரு திங்கட்கிழமை, மனு வரிசையில் முத்திருளாயி நின்றாள். அடுப்படி வழியாக வரவில்லை. எல்லாரையும்போல வெயிலில் நின்று, எல்லாரையும்போல நகர்ந்து நகர்ந்து வந்து, மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள். சந்தனமாரி ஏதோ ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, முகம் பார்க்காமல், அன்று காலையில் எல்லாரிடமும் கேட்ட அதே குரலில், "சொல்லுங்க, என்ன வேணும்?" என்றாள்.

"என்கிட்ட கேக்குறீங்களே," என்றாள் முத்திருளாயி. "அதுகிட்ட கேட்டீங்களா?"

அவள் கை பின்வாசலைக் காட்டியது. தண்ணீர் படியில் நின்றுகொண்டிருந்தது.

சந்தனமாரி பேனாவை வைத்தாள். "முத்தக்கா, உள்ள வாங்க, பேசுவோம்."

"உள்ள எதுக்கு? எல்லாருக்கும் கேக்கட்டும். என் மருமகளும் அந்தச் சுவத்துக்குள்ளதான் வேலை பாக்குறா. அவ சம்பளத்துலதான் எங்க வீட்டுல இப்ப உலை கொதிக்குது. அதுக்காக நான் பேசாம இருக்கணும்னு இல்ல." குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "தினம் விடிஞ்சா நாங்க எல்லாரும் வரிசையில நிக்கிறப்ப, அதுவும் வந்து நின்னுச்சு. நாங்க வந்த காரியத்தைச் சொன்னோம், நீ கேட்ட, செஞ்சும் குடுத்த. அதுமட்டும் கடைசிப் படியில நின்னு நின்னு திரும்பிப் போச்சு. ஒருநா, ஒரே ஒருநா, எதுக்கு வந்தேன்னு அதை நீ கேட்டிருக்கியா டீச்சரு? குடியிருக்கவா வந்துச்சு? வீடு வாசல் இல்லாமலா வந்துச்சு?"

'நீங்க' போய் 'நீ' வந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

"கேக்காதது என் தப்பும்தான்" என்று சொல்லிவிட்டு முத்திருளாயி எழுந்தாள். "நானும் மடையைத் திறந்தேன், காப்பியைக் குடிச்சேன், போனேன்."

வரிசையில் மிச்சம் இருந்தவர்களை அப்படியே விட்டுவிட்டுச் சந்தனமாரி பின்வாசலுக்குப் போனாள். வரிசையும் அவள் பின்னால் போயிற்று. படிகளில் இறங்கி, கடைசிப் படியில் தண்ணீருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இத்தனை காலமும் சொல்லிச் சொல்லியே பழகிய வாயால், அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டாள்.

"நீ எதுக்கு வந்த? உனக்கு என்ன வேணும்?"

கண்மாய் எழுந்தது.

அப்படி எழும் என்று தெரிந்ததுபோல ஆட்கள் விலகி வழிவிட்டார்கள். அது வீட்டைச் சுற்றி வந்து, தெருவில் இறங்கி, மேற்கே திரும்பியது. வீட்டுக்குப் போகிறது என்று யாரோ சொன்னார்கள். அந்த வார்த்தை ஊர் முழுக்கப் பரவியது. கடைகளிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். சந்தனமாரி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள். கொஞ்ச தூரத்தில் முத்திருளாயி வந்து அவளோடு சேர்ந்துகொண்டாள். அம்மன் கோயிலில் யாரோ கொட்டு எடுத்தார்கள். நாரைகளும் கூழைக்கடாக்களும் தலைக்கு மேல் வட்டமிட்டுக்கொண்டே வந்தன. பேருந்துகள் நின்றன. வந்தபோது யார் செருப்பையும் நனைக்காத தண்ணீர், போகும்போது எல்லார் காலையும் நனைத்துக்கொண்டு போனது; கிழவிகள் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். மகளை மறுவீடு அனுப்புகிற மாதிரி இருந்தது.

பூங்காவின் பெரிய இரும்புக் கதவுக்கு முன்னால் கண்மாய் நின்றது.

காவலுக்கு நின்ற பையன் சோலைராஜ். சல்யூட் அடித்தான்.

"கதவைத் திறப்பா" என்றாள் சந்தனமாரி.

"பாஸ் இல்லாம உள்ள விட ஆர்டர் இல்ல மேடம்."

"நான் எம்.எல்.ஏ."

"தெரியும் மேடம்." அவன் முகம் அழுதுவிடுவதுபோல இருந்தது. "எனக்கு இந்த வேலைக்குச் சிபாரிசு பண்ணினதே நீங்கதான் மேடம். உங்களுக்குத் திறப்பேன். உங்களை மட்டும்னா திறப்பேன்."

உள்ளேயிருந்து மேலாளர் வந்தார். மரியாதையான மனிதர். வணக்கம் சொல்லி, நாற்காலி கொண்டுவரச் சொல்லி, நிலம் இப்போது எந்தச் சட்டத்தின் கீழ் யாருக்கு உரியது என்பதைத் தலையைக் குனிந்தபடி எடுத்துச் சொன்னார். உள்ளே இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன, இத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள், தண்ணீர் வந்தால் என்ன ஆகும் என்று அம்மாவே யோசித்துப் பார்க்க வேண்டும் என்றார். சந்தனமாரி யோசித்துப் பார்த்தாள். சுவருக்கு மேலே மாடி ஜன்னல்களில் நீலச் சட்டைகள் தெரிந்தன. அதில் ஒன்று முத்திருளாயியின் மருமகள். கதவைப் பார்த்துக்கொண்டு, கையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

சந்தனமாரி தனுஷ்கோடிக்குப் போன் செய்தாள்.

"எதை வச்சுத் திறக்கச் சொல்றீங்க?" என்றார் அவர், கோபமே இல்லாமல். "அது நீங்க போட்ட சட்டம் டீச்சர்."

கொட்டுச் சத்தம் தானாக ஓய்ந்தது. கண்மாய் வெயில் சாயும்வரை கதவுக்கு முன்னால் நின்றது. முட்டி மோதவில்லை, சுவர் இடுக்கில் கசிந்து போகப் பார்க்கவில்லை, மனு வரிசையில் நின்ற அதே பொறுமையோடு நின்றது. ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அதன் ஓரமாகத் தயங்கித் தயங்கி நடந்து பேருந்தில் ஏறினார்கள். பிறகு, இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே, கண்மாய் திரும்பியது. எம்.எல்.ஏ. வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. ஊருக்குத் தெற்கே கிடந்த வறண்ட ஆற்றுக்குள் இறங்கிக் கிழக்கே நடக்கத் தொடங்கியது.

சந்தனமாரி மணலில் கொஞ்ச தூரம் ஓடினாள். அது அவளுக்காக வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. மூச்சு வாங்கி நின்றவள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பறவைகள் அவளைத் தாண்டிப் பறந்தன. அவற்றில் அவளுக்குப் பேர் தெரியாதது ஒன்றுகூட இல்லை.

மறுநாள் விடிந்ததும் அய்யாத்துரை மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். "ஏறு. எங்க போச்சுன்னாவது பாப்போம்."

ஆற்றங்கரை ஊர் ஊராக விசாரித்துக்கொண்டு போனார்கள். ஒரு ஊரில் கண்மாய் சுடுகாட்டுப் பக்கம் சற்று நேரம் படுத்திருந்ததாகச் சொன்னார்கள். இன்னொரு ஊரில், இடம் இருக்கிறதா என்று கேட்பதுபோல ஏரிக்கரையைச் சுற்றிச் சுற்றி வந்ததாகவும், அங்கே ஏற்கெனவே பிளாட் போட்டுக் கல் நட்டிருந்ததால் போய்விட்டதாகவும் சொன்னார்கள். ஒரு பெண் தன் வீட்டுத் தொட்டியிலும் குடங்களிலும் முடிந்தவரை பிடித்து வைத்துக்கொண்டதைக் காட்டினாள். "பாவமா இருந்துச்சு, அதான்" என்றாள். குடத்துக்குள் ஒரு சின்னக் கெண்டை நீந்தியது. சந்தனமாரி குடத்துக்கு மேல் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். அய்யாத்துரை வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் காத்திருந்தார்.

கடற்கரைக்கு வந்தபோது உச்சிவெயில். வலையைப் பிரித்துச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டார்கள்.

"காலையிலயே வந்துச்சே" என்றார் அவர். "முகத்துவாரத்துல நின்னுச்சு. ரொம்ப நேரம் நின்னுச்சு. யாருக்கோ காத்துட்டிருந்த மாதிரிதான் எனக்குப் பட்டுச்சு. அப்புறம் உள்ள இறங்கிருச்சு." கையை நீட்டிக் காட்டினார். "அந்தா, அந்த இடத்துல தண்ணி கொஞ்ச நேரம் இனிப்பா இருந்துச்சு. நாங்க கேன்ல பிடிச்சோம். இப்ப உப்புதான்."

சந்தனமாரி கடலுக்குள் முழங்கால்வரை இறங்கினாள். அள்ளி வாயில் வைத்துப் பார்த்தாள். அய்யாத்துரை கரையிலேயே நின்று அவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அவள் திரும்பி வந்ததும் செருப்பை அவள் காலடியில் வைத்தார். நான் அப்பவே சொன்னேனே என்று சொல்லாத மனிதர் அவர். அதற்காக அவள் அழுதாள்.

திரும்பும் வழியில் போன் வந்தது. சுற்றுச்சூழல் குழுத் தலைவராக அவளை நியமித்து அறிவிப்பு வெளியாகிவிட்டது என்று தனுஷ்கோடி வாழ்த்துச் சொன்னார். வண்டி இரைச்சலில் அவர் சொன்னது பாதிதான் கேட்டது. அவள் "சரிங்கண்ணே" என்றாள்.

அடுத்த தேர்தலில் அவளுக்கே சீட்டுக் கொடுத்தார்கள். போன முறையைவிட அதிக வாக்கில் ஜெயித்தாள். பூங்கா கொண்டுவந்தவள் அல்லவா. கண்மாய்ப் பாசனம் இல்லாமல் போன வயல்களில் முதலில் ஆழ்துளைக் கிணறுகள் வந்தன, பிறகு அவையும் வறண்டு மனைகள் வந்தன. முத்திருளாயி வயலை விற்கவில்லை. அதில் எதையும் விதைக்கவும் முடியவில்லை. சந்தனமாரியின் வீட்டுக்கு வந்து காப்பி போடுவதை மட்டும் மறுபடி ஆரம்பித்தாள். இரண்டு தம்ளரையும் எடுத்துக்கொண்டு பின்வாசல் படியில் உட்கார்ந்து, எதிரே கல்யாண மண்டபத்துக்காரர் கார் நிறுத்துமிடம் ஆக்கிவிட்ட காலி மனையைப் பார்த்துக்கொண்டு குடிப்பார்கள்.

குழுத் தலைவராகச் சந்தனமாரி செய்தது கொஞ்சமல்ல. மாநிலம் முழுக்கப் போனாள். ஆக்கிரமிப்பை எடுக்க வைத்தாள். அவள் எழுதிய அறிக்கைகளால் எத்தனையோ ஏரிகளும் கண்மாய்களும் தப்பின. அந்தச் சட்டத்தைத் திரும்பப் பெறச் சொல்லிப் பேரவையில் அவள் பேசிய பேச்சு பெரிதாகப் பேசப்பட்டது; சட்டம் அப்படியேதான் இருந்தது. எந்த ஊருக்குப் போனாலும் அதிகாரிகளை விட்டு விலகி, தனியாகக் கரையேறி, நீர்முனைவரை இறங்கிப்போய் நிற்பாள். கொஞ்ச நேரம் நிற்பாள். எதற்கு நிற்கிறாள் என்று உடன் போனவர்களுக்கு ஓரளவு தெரியும். ஆகையால் யாரும் கூப்பிட மாட்டார்கள். எந்தக் கண்மாயும் எழுந்து வரவில்லை.

பதவிக்காலம் முடியப்போகிற சமயத்தில், அவள் அறிக்கையால் காப்பாற்றப்பட்ட ஒரு கண்மாயைப் பார்க்கப் போயிருந்தாள். நிறை கண்மாய். துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்து, "யாரைத் தேடுறீங்கம்மா?" என்றாள்.

"யாரையும் இல்லம்மா. சும்மா பாக்க வந்தேன்."

"பாருங்க, பாருங்க. இந்த வருசம் கலுங்கு பாஞ்சுச்சு."

சந்தனமாரி செருப்பைக் கழற்றிவிட்டு நீர்முனைக்கு இறங்கினாள். அவள் கால் நனைவதற்கு முன்னால், தண்ணீர் ஒரு சாண் பின்வாங்கியது. அவள் இன்னொரு எட்டு வைத்தாள். இன்னொரு சாண் பின்வாங்கியது. ஈரச்சேற்றில் நத்தைகள் தெரிந்தன. துவைத்துக்கொண்டிருந்தவளின் கல்லைச் சுற்றித் தண்ணீரே இல்லாமல் போயிற்று.

"காத்து அடிக்குது போல, அதான்" என்றாள் அந்தப் பெண், சங்கடத்தோடு. ஒரு இலைகூட அசையவில்லை.

"துவைக்கணும்ல நீங்க" என்றாள் சந்தனமாரி. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மேலே ஏறி, கரையின் மறுபக்கம் இறங்கி, தண்ணீரின் கண்ணில் தான் படாத தூரத்துக்குப் போய் நின்றாள். கரைக்கு அப்பால் துணி அடிக்கிற சத்தம் மறுபடி கேட்கத் தொடங்கும்வரை அங்கேயே நின்றாள்.